உங்களுக்குத் தெரியுமா? மெல்லிய தகடு, பெரிய பாரம்

விமானம், ராக்கெட் என்றதும் நம் மனம் பெங்களூருக்கும் திருவனந்தபுரத்துக்கும் போய்விடுகிறது. விமானமும் ராக்கெட்டும் நடுவானில் உடையாமல் காக்கும் ஆராய்ச்சிக்கு ஸ்ட்ரக்சரல் மெக்கானிக்ஸ் என்று பெயர். ஒரு பொருள் எவ்வளவு பாரம் தாங்கும், எவ்வளவு வளையும், எப்போது முறியும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்கிற வேலை. விமானக்காரர்களுக்கு அதில் கூடுதல் நெருக்கடி ஒன்று உண்டு: எடையைக் கூட்டிப் பலம் தேட முடியாது. இந்த வேலைக்கே வாழ்நாளைக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மல்லுக்கட்டிய கேள்விகளோ வடசென்னையில் ராயபுரம் முதல் எண்ணூர் வரை நம் கண்முன்னே கிடக்கின்றன.

பலூன் கொட்டகை

எம்.ஆர்.எஃப். நிறுவனம் டயரில் தொடங்கவில்லை, பொம்மை பலூனில் தொடங்கியது. 1946-ல் கே.எம்.மாம்மன் மாப்பிள்ளை திருவொற்றியூரில் ஒரு சின்னக் கொட்டகையில் பலூன் செய்து விற்க ஆரம்பித்தார். நீளமான பலூனை ஊதும்போது அதன் தோலில் இரண்டு பக்கமாக இழுவிசை ஏறுகிறது. ஒன்று சுற்றளவு வாக்கில், மற்றொன்று நீளவாக்கில். மெல்லிய சுவருள்ள உருளை எதுவானாலும் சுற்றளவு வாக்கில் வருவது மற்றதைப் போல் இரு மடங்கு. அழுத்தம் தாங்காத குழாய் குறுக்கே துண்டாகாமல் நெடுகக் கிழிவது இதனால்தான். பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் முதல் கட்டம் 2.8 மீட்டர் விட்டமுள்ள உருளை. உள்ளே திட எரிபொருள் எரியும்போது எழும் அழுத்தம் முழுவதையும் அதன் மாரேஜிங் எஃகுத் தகடு தாங்க வேண்டும். தகடு எத்தனை மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்கிற கணக்கு இந்த இரு மடங்கிலிருந்துதான் புறப்படுகிறது.

புல்லட்டின் எஞ்சின் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை

1955-ல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா திருவொற்றியூரில்தான் புல்லட்டைச் செய்தது. பழைய புல்லட் ஒன்றை நிறுத்திப் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். ஹேண்டில்பாருக்குக் கீழிருந்து இறங்கும் ஒற்றைக் குழாய் எஞ்சினுக்கு முன்னாலேயே நின்றுவிடும். அதற்கும் பின்பக்கச் சட்டத்துக்கும் நடுவில் பாலம் எஞ்சின்தான். வண்டியை ஓட்டுவதோடு சட்டத்தின் பாரத்தில் ஒரு பங்கையும் அது சுமக்கிறது.

விமானமும் இதே யோசனைக்குத்தான் வந்து சேர்ந்தது. தொடக்ககால விமானத்தில் மரச்சட்டம் பாரம் சுமந்தது. மேலே போர்த்திய துணி காற்றைத் தடுத்ததோடு சரி. பின்னால் உலோகத் தகடு வந்தபோது, போர்வைக்கும் பாரத்தில் பங்கு கொடுத்தார்கள். உள்ளே சட்டம் இளைத்தது, விமானம் லேசானது. 1955 அக்டோபர் 2-ல் தொடங்கிய பெரம்பூர் ஐ.சி.எஃப்., அதாவது இன்டகிரல் கோச் ஃபேக்டரி, செய்த ரயில் பெட்டிகளும் இந்த வழிதான். அடிச்சட்டம், பக்கச்சுவர், கூரை எல்லாம் ஒரே கூடாக வெல்டிங் ஆகிச் சேர்ந்தே பாரம் தாங்குகின்றன. தொழிற்சாலையின் பெயரில் உள்ள ‘இன்டகிரல்’ அதைத்தான் குறிக்கிறது.

ராயபுரம் ரயிலும் பிரஷ்ய அச்சும்

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் ரயில்களின் அச்சு எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் முறிந்துகொண்டிருந்தது. 1842-ல் பிரான்சில் வெர்சாயிலிருந்து திரும்பிய ரயில் அப்படி விபத்துக்குள்ளாகிப் பலர் தீயில் மாண்டார்கள். அச்சில் ஏற்றிய பாரமோ அது தாங்கக்கூடிய அளவுக்குள்தான் இருந்தது. பின் ஏன் முறிகிறது?

பிரஷ்ய ரயில்வேயில் வேலைபார்த்த ஆகஸ்ட் வோலர் 1850, 60-களில் ஆண்டுக்கணக்காக அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றிச் சோதித்தார். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது அச்சின் ஒவ்வொரு புள்ளியும் ஒருமுறை இழுபடுகிறது, ஒருமுறை அமுங்குகிறது. ஒரு தடவைக்கு ஒன்றும் ஆகாது. லட்சக்கணக்கான தடவைக்குப் பிறகு கண்ணுக்குத் தெரியாத கீறல் பிறந்து வளர்கிறது. உலோகம் இப்படிச் சோர்ந்துபோவதைத்தான் ஃபட்டீக் என்கிறார்கள். இன்று ஒரு விமானத்தின் ஆயுளை வருடத்தில் மட்டும் சொல்லாமல் எத்தனை முறை ஏறி இறங்கியது என்றும் எண்ணுகிறார்களே, அந்த எண்ணிக்கைக்கு மூலம் ரயில் அச்சுதான்.

மூலையில் ஆபத்து

கப்பலின் மேல்தளத்தில் சரக்கு இறக்கும் வாய்க்கு ஹாட்ச் என்று பெயர். துறைமுகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு அது பழகிய இடம். அதன் மூலைகள் ஏன் வளைவாக இருக்கின்றன? இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா அவசர அவசரமாக வெல்டிங் செய்து கட்டிய லிபர்ட்டி கப்பல்கள் பலவற்றில் சதுர ஹாட்ச் மூலையிலிருந்து விரிசல் ஓடியது. ஸ்கெனெக்டடி என்கிற எண்ணெய்க் கப்பல் 1943 ஜனவரியில், கடலில் கூட அல்ல, ஆரிகன் மாநிலத்தில் துறையில் கட்டி நின்றபோதே பேரோசையோடு நடுவில் பிளந்தது. குளிரில் அந்த எஃகு நொறுங்கும் தன்மைக்குப் போய்விடுகிறது என்பதைக் கேம்பிரிட்ஜில் கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்ற பெண் விஞ்ஞானி நிறுவினார்.

மூலையைப் பற்றிய அந்தப் பாடம் ஆகாயத்துக்குப் போய்ச் சேரப் பத்து வருடம் பிடித்தது. உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானமான காமெட் 1954 ஜனவரியில் ஒன்றும் ஏப்ரலில் ஒன்றுமாக இத்தாலிக்கு அருகே நடுவானில் சிதறியது. காரணம் தேடிய பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் ஃபார்ன்பரோவில் ஒரு முழு காமெட்டின் உடலையே தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கினார்கள். உள்ளேயும் தண்ணீரை நிரப்பி, ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு தடவை என்று அழுத்தத்தை ஏற்றி இறக்கினார்கள். ஏற்கெனவே 1,221 முறை பறந்திருந்த அந்த உடல், தொட்டியில் மேலும் 1,836 முறை தாங்கி, பிறகு கிழிந்தது. கிழிசல் தொடங்கியது திறப்பின் மூலையில்.

காற்றை விட்டுத் தண்ணீரை ஏன் எடுத்தார்கள் என்பது மணலியிலும் எண்ணூரிலும் பாய்லர் பக்கம் வேலை செய்கிற எவருக்கும் தெரியும். அவர்களுடைய ஹைட்ரோ டெஸ்ட் இதேதான். காற்று அமுங்கி ஆற்றலைச் சேர்த்து வைக்கும், ஓட்டை விழுந்தால் வெடிக்கும். தண்ணீர் அமுங்குவதே இல்லை என்று சொல்லலாம். கிழிந்தால் பீய்ச்சி அடித்து நின்றுவிடும். கிழிந்த தகடும் சிதறாமல் ஆராய்ச்சிக்குக் கிடைக்கும்.

ஃபைபர் போட்டும் தேஜாஸும்

காசிமேட்டுக் கரையில் ஃபைபர் போட்டில் ஓட்டை அடைப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? சுற்றியுள்ள பூச்சைச் சுரண்டி உப்பும் ஈரமும் போகத் துடைக்கிறார்கள். கண்ணாடி இழை மேட்டை ஓட்டையைவிடப் பெரிதாக வெட்டுகிறார்கள். ரெசினில் ஹார்ட்னர் கலந்ததும் கை வேகம் எடுக்கிறது, ஏனென்றால் அது இறுகிவிடும். ஒரு பூச்சு, ஒரு மேட், மறுபடி பூச்சு. பிறகு சின்ன ரோலரை எடுத்து நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தி உருட்டி, உள்ளே மாட்டிய காற்றுக் குமிழியை வெளியேற்றுகிறார்கள். வெள்ளையாகத் தெரிந்த இடம் கண்ணாடி மாதிரித் தெளிந்தால் குமிழி போயிற்று. போகாவிட்டால் அந்த இடத்தில் அடுக்கு பிரியும், அலை அடிக்க அடிக்கப் பிளவு பரவும்.

2001 ஜனவரி 4-ல் முதன்முதலாகப் பறந்த தேஜாஸ் போர்விமானத்தின் உடற்கட்டு எடையில் சுமார் 45 விழுக்காடு இதே குடும்பத்துப் பொருள். கண்ணாடி இழைக்குப் பதில் பெரும்பாலும் கார்பன் இழை. ரோலருக்குப் பதில் வெற்றிடப் பையும் சூடும் அழுத்தமும் உள்ள ஆட்டோகிளேவ். கவலை மட்டும் அதேதான்: அடுக்குக்கு இடையில் குமிழி இருக்கக் கூடாது. கரையில் கண்ணாலும் விரலாலும் செய்கிற சோதனையை அங்கே அல்ட்ராசோனிக் கருவி செய்கிறது. கரையில் ரோலர் பிடிக்கிற கையின் தேர்ச்சியை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்த அப்துல் கலாம் இழைப் பொருள்களில் ஆழ்ந்து வேலை செய்தவர். போலியோ பாதித்த குழந்தைகள் 3 கிலோ எடையுள்ள இரும்புக் கேலிப்பரை மாட்டிக்கொண்டு நடந்த காலத்தில், ராக்கெட்டுக்கும் ஏவுகணைக்கும் பழகிய கலப்புப்பொருளால் 300 கிராமில் அதைச் செய்ய வைத்தது அவருடைய குழு. அந்த எம்.ஐ.டி.யை 1949-ல் தொடங்கியவர் சி.ராஜம். நாடு விடுதலையான இரண்டாவது வருடத்திலேயே விமானப் பொறியியலுக்கு இங்கே ஒரு படிப்பு வேண்டும் என்று நினைத்தவர்.

காலி டேங்குக்குத்தான் புயல் பயம்

மணலி சுத்திகரிப்பு ஆலை 1969-ல் இயங்கத் தொடங்கியது. அந்தப் பக்கம் நிற்கிற ராட்சத எண்ணெய் டேங்குகள் அவற்றின் விட்டத்தோடு ஒப்பிட்டால் மிக மெல்லிய தகடுகள். புயல் அடித்தால் நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்குக்கே ஆபத்து அதிகம். உள்ளே உள்ள எண்ணெய் தகட்டை வெளிப்பக்கம் தள்ளிப் பிடித்திருக்கும். அது இல்லையென்றால் காற்று ஒரு பக்கமாக அழுத்தி உள்ளே நெளித்துவிடும். மேல் விளிம்பை ஒட்டி வளையம் போல ஓடும் பட்டையைப் பார்த்திருப்பீர்கள். ஏறிப் பார்க்கும் நடைபாதையாகவும் பயன்படும் அதன் முதல் வேலை விளிம்பு நெளியாமல் பிடிப்பது.

இப்படித் திடீரென நெளிந்து நொடிவதற்குப் பக்ளிங் என்று பெயர். காலி கூல்டிரிங்க் டின் மேல் ஒரு ஆள் கவனமாக ஏறி நின்றால் தாங்கும். பக்கவாட்டில் விரலால் லேசாகத் தட்டினால் அடுத்த நொடி தட்டையாகிவிடும். ராக்கெட்டின் உடலும் இந்த ஜாதிதான். பழைய சூத்திரம் சொல்லும் பாரத்தில் பாதி, கால் பங்கிலேயே உருளைகள் நொடிந்தபோது விஞ்ஞானிகள் வெகுகாலம் குழம்பினார்கள். தகட்டில் கண்ணுக்குப் படாத சிறு மேடு பள்ளம் இருந்தாலே தாங்கும் சக்தி சரிந்துவிடுகிறது என்பதை வார்னர் கோய்ட்டர் 1945-ல் நெதர்லாந்தின் டெல்ஃப்டில் தன் ஆய்வேட்டில் விளக்கிவிட்டார். ஆனால் அது டச்சு மொழியில் இருந்தது. 1960-களில் ஆங்கிலத்துக்கு வந்த பிறகுதான் உலகம் முழுமையாகக் கவனித்தது. ஏட்டுக் கணக்கை எவ்வளவு குறைத்துக்கொள்ள வேண்டும் என்று நாசா 1960-களில் தனி வழிகாட்டியே வெளியிட்டது.

விமான இறக்கை பெற்ற கணக்குமுறை

ஃபைனைட் எலிமென்ட் முறை இன்று பாலம், கார், பல் இம்பிளான்ட் என்று எல்லாவற்றுக்கும் பயன்படுகிறது. அது வளர்ந்தது விமான இறக்கையில். முக்கோண வடிவ இறக்கையைப் பழைய உத்திர சூத்திரங்களால் கணக்கிட முடியாமல் போயிங் நிறுவனம் திணறியபோது, டர்னர், கிளஃப், மார்ட்டின், டாப் என்ற நால்வர் இறக்கையைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றின் விறைப்பையும் கணக்கிட்டுக் கோத்தார்கள். அவர்களுடைய கட்டுரை 1956-ல் வந்தது. ‘ஃபைனைட் எலிமென்ட்’ என்ற பெயரை 1960-ல் கிளஃப் வைத்தார்.

வளைய மறுத்த உத்திரம்

ஃபைனைட் எலிமென்ட் முறையில் உலகமே தடுக்கி விழுந்த ஒரு இடத்தைத் தெளிவாக்கியவர்களில் முக்கியமானவர் சென்னையில் படித்தவர். கங்கன் பிரதாப், சென்னை ஐ.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்து, அங்கேயே 1978-ல் டாக்டர் பட்டம் பெற்றார். தொடக்க ஆராய்ச்சியை அங்கே டி.கே.வரதனுடன் சேர்ந்து செய்தார். உத்திரங்கள் மிகப் பெரிதாக வளையும்போது, பெரிதாக அதிரும்போது என்ன ஆகிறது என்பது பொருள். பிறகு பெங்களூரு தேசிய விமானவியல் ஆய்வகமான என்.ஏ.எல்.லுக்குப் போனார்.

பிரச்சினை இதுதான். ஒரு உத்திரத்தைத் துண்டுகளாகப் பிரித்து கம்ப்யூட்டரில் போடுகிறோம். உத்திரம் கனமாக இருந்தால் விடை சரியாக வருகிறது. மெலிய மெலியத் தவறுகிறது. கடைசியில் மெல்லிய தகடு பாறை மாதிரி வளையவே மாட்டேன் என்கிறது. நிஜத் தகடோ நன்றாக வளையும். துண்டின் நீளத்தோடு ஒப்பிடத் தகட்டின் கனத்தைப் பாதியாக்கினால் இந்தப் பொய் விறைப்பு நான்கு மடங்காகிறது. விமானமும் ராக்கெட்டும் முழுக்க முழுக்க மெல்லிய தகடுகள் என்பதை நினைத்துப் பார்த்தால் எவ்வளவு பெரிய ஆபத்து என்று புரியும். இந்தச் சிக்கலுக்கு ‘லாக்கிங்’ என்று பெயர்.

கணக்கைக் கொஞ்சம் அரைகுறையாகப் போட்டால், அதாவது துண்டின் பல புள்ளிகளில் பார்க்காமல் நடுப்புள்ளியில் மட்டும் பார்த்தால், சரியான விடை வந்துவிடுகிறது என்று 1971 வாக்கில் கண்டுகொண்டார்கள். குறைத்துப் போட்ட கணக்கு எப்படிச் சரியாகும்? விளக்கங்கள் பல வந்தன, மனம் ஒப்பவில்லை. 1982-ல் பிரதாப்பும் ஜி.ஆர்.பாஷ்யமும் எழுதிய கட்டுரை அதன் வேரைக் காட்டியது.

மெல்லிய உத்திரத்தில் இரண்டு விஷயங்கள் பொருந்த வேண்டும்: உத்திரக் கோட்டின் சாய்வும், குறுக்குவெட்டு திரும்பும் கோணமும். இரண்டுக்கும் வித்தியாசம் கிட்டத்தட்டச் சுழி. மிக எளிய துண்டில் சாய்வு துண்டு முழுக்க ஒரே அளவு. ஆனால் திருப்பக் கோணம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மாறிக்கொண்டே போகிறது. மாறாத ஒன்றையும் மாறுகிற ஒன்றையும் எல்லாப் புள்ளியிலும் சமமாக இரு என்றால், மாறுவது மாறாமல் நின்றால்தான் முடியும். திருப்பக் கோணம் மாறவில்லை என்றால் வளைவே இல்லை! துண்டு பூட்டிக்கொண்டது. பொருத்தம் இல்லாத அந்த உபரிப் பகுதியை மட்டும் கழற்றிவிடுங்கள், உத்திரம் ஒழுங்காக வளையும். நடுப்புள்ளியில் மட்டும் பார்க்கிற தந்திரம் தன்னை அறியாமல் அதைத்தான் செய்துகொண்டிருந்தது. இதற்கு பிரதாப் வைத்த பெயர் ஃபீல்டு கன்சிஸ்டென்சி.

இத்தனை பெரிய குழப்பத்துக்கு இவ்வளவு சின்ன இடத்தில் விடை இருந்தது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தருகிறது. தந்திரம் வேலை செய்கிறதே, அது போதாதா என்று விட்டிருக்கலாம். ஏன் வேலை செய்கிறது என்று தெரியாத தந்திரத்தை நம்பி ஒரு விமானத்தை எழுப்ப முடியாது என்று அவர் நினைத்தார். வளைந்த உத்திரம், தகடு, கூடு என்று ஒவ்வொன்றிலும் இதே நோயைத் தேடி இதே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். 1990-ல் பொறியியலுக்கான சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது வந்தது. 1993-ல் அந்த உழைப்பு புத்தகமாகவும் வந்தது.

பின்னாளில் அவர் கொச்சிப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். டெல்லியில் அறிவியல் தகவல் நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தார். அங்கே ஆராய்ச்சியாளர்களின் உழைப்பை எப்படி அளப்பது என்ற கேள்விக்குத் திரும்பினார். பி-இன்டெக்ஸ் அவர் கொடுத்த அளவுகோல்: மேற்கோள்களின் வர்க்கத்தைக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்துக் கனமூலம் எடுப்பது. 10 கட்டுரைக்கு 100 மேற்கோள் என்றால் விடை 10. அதே 100 மேற்கோளுக்கு 40 கட்டுரை எழுதியிருந்தால் சுமார் 6.3-தான். எழுதிக் குவித்தால் மதிப்பு இறங்கும்.

உடைக்கவே கட்டும் கோபுரங்கள்

அத்திப்பட்டு அனல்மின் நிலையத்திலிருந்து மின்சாரத்தைத் தூக்கிக்கொண்டு போகும் கோபுரங்கள் வடசென்னை எங்கும் நிற்கின்றன. இத்தகைய கோபுரங்களை முழு அளவில் எழுப்பி, கம்பி கட்டி எல்லாப் பக்கமும் இழுத்து, சாயும்வரை சோதிக்கும் நிலையம் சென்னையிலேயே உண்டு. 1965-ல் தொடங்கிய எஸ்.இ.ஆர்.சி. என்கிற கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்தது அது. மையம் தரமணியில் இருக்கிறது.

குலுங்கும் சர்க்யூட் போர்டு

சந்திரயான்-3 திட்ட இயக்குநராக இருந்த பி.வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர், ரயில்வே தொழிலாளியின் மகன், பாலிடெக்னிக்கில் தொடங்கிப் படிப்படியாக மேலே வந்தவர் என்பதெல்லாம் தெரிந்திருக்கும். சென்னை ஐ.ஐ.டி.யில் அவர் டாக்டர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட பொருள் தெரியுமா? ராக்கெட் கிளம்பும்போது செயற்கைக்கோளுக்குள் எலெக்ட்ரானிக்ஸ் பெட்டி குலுங்குவதை அடக்குவது.

வழி எளிமையானது. சர்க்யூட் போர்டில் ஒரு சின்னக் கூட்டை ஒட்டி, அதற்குள் சிறு மணிகளைப் போடுகிறார்கள். போர்டு அதிரும்போது மணிகள் ஒன்றோடொன்றும் சுவரோடும் மோதி உரசி, அதிர்வின் ஆற்றலைத் தாங்கள் வாங்கிக்கொள்கின்றன. ரப்பர் பட்டை வைத்தால் வெற்றிடத்திலும் கடுங்குளிரிலும் கெட்டுப்போகலாம். மணிக்கு அந்தக் கவலை இல்லை. எத்தனை மணி, எவ்வளவு பெரிது, கூட்டில் எவ்வளவு இடம் விடுவது என்பதில்தான் ஆராய்ச்சி முழுவதும் அடங்கியிருக்கிறது. அந்த வேலை 2016-ல் ஆய்விதழில் வெளியானது.

சந்திரயான்-2 தரையிறங்கும்போது தவறியதை அடுத்து, இறங்கும் வேகத்துக்கான வரம்பை நொடிக்கு 2 மீட்டரிலிருந்து 3 மீட்டராக உயர்த்தி, சந்திரயான்-3-ன் தரையிறங்கு கலமான விக்ரமின் கால்களைப் பலப்படுத்தினார்கள். 2023 ஜூலை 14 பிற்பகல் கிளம்பிய அது ஆகஸ்ட் 23 மாலை நிலவில் ஊன்றி நின்றது.

வானம் தெளிந்திருந்தால் ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட்டுகள் எண்ணூர், கத்திவாக்கம் மொட்டை மாடிகளிலிருந்தே தெரியும். அருகில் போய்ப் பார்க்க வேண்டுமானால் பொதுமக்களுக்கான பார்வை மாடம் 2019-ல் அங்கே திறக்கப்பட்டிருக்கிறது. இஸ்ரோவின் இணையதளத்தில் முன்கூட்டியே பெயர் பதிய வேண்டும். வடக்கே போகும் சூலூர்பேட்டை மின்சார ரயிலில் ஏறி, கடைசி நிலையத்தில் இறங்கினால் அங்கிருந்து சாலை வழி.